கோழிச் சோறும் கோடி வெள்ளிக் கனவுகளும்

(தொலைக்காட்சி உரையரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2022ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி மலேசியா தனது கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதந்தோறும் வெளிநாடு போய்க்கொண்டிருந்த 3.6 மில்லியன் கோழிகள் உள்நாட்டுச் சந்தைக்கே வேண்டும் என்று அந்நாட்டு அரசாங்கம் முடிவெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மலேசியக் கோழிதான். அதுவும் உயிரோடு பாலம் கடந்து வந்து, இங்கே வெட்டப்பட்டு, அன்றைக்கே சந்தைக்குப் போகும் கோழி. தடை தொடங்குவதற்கு முதல் நாள் ஈரச்சந்தைகளில் கூட்டம் அலைமோதியது. உணவங்காடி நிலையங்களில் கோழிச் சோறு விற்பவர்கள், உறைய வைத்த கோழியில் அந்தச் சுவையைக் கொண்டுவர முடியுமா என்று கவலைப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது.

இதை ஒரு நாட்டின் மேல் இன்னொரு நாட்டுக்குக் கோபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மலேசியக் குடும்பங்களும் அப்போது கோழி விலையால் திண்டாடிக்கொண்டுதான் இருந்தன. கோழி வளர்க்க ஆகும் செலவில் பெரும்பங்கு தீவனச் செலவு. அந்தத் தீவனத்தில் சேரும் சோளமும் சோயாவும் மலேசியாவுக்கே கப்பலில் வரும் சரக்கு. உக்ரேனில் போர் மூண்டதும் உலகெங்கும் தானிய விலை ஏறியது. அந்த விலையேற்றம் ஜோகூர்க் கோழிப் பண்ணைக்கு வந்து, அங்கிருந்து சிங்கப்பூரின் சோற்றுத் தட்டு வரை வந்து சேர்ந்தது. எங்கோ நடக்கும் போருக்கும் இங்கே ஒரு தட்டுச் சோற்றுக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு இருக்கிறது.

சிங்கப்பூர் தனக்கு வேண்டிய உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. நிலத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான பரப்பைத்தான் விவசாயத்துக்கு ஒதுக்க முடிகிறது. இந்த நிலையில் உணவுக்கு என்ன வழி? இந்தக் கேள்விக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல தொழில்முனைவர்கள் பதில் சொல்ல முன்வந்தார்கள். சிலர் வென்றார்கள், பலர் தோற்றார்கள். யார் எதனால் வென்றார், யார் எதனால் தோற்றார் என்பதைத் தெரிந்துகொள்வது, நாளை நாம் உண்ணப்போகும் உணவைப் பற்றித் தெரிந்துகொள்வதாகும்.

கோபுரத்தில் விளைந்த கீரை

2012ஆம் ஆண்டு லிம் சூ காங்கில் ஜாக் இங் என்ற பொறியாளர் 'ஸ்கை கிரீன்ஸ்' என்ற பண்ணையை வர்த்தக முறையில் தொடங்கினார். ஒன்பது மீட்டர் உயரமுள்ள அலுமினியக் கோபுரங்கள். அவற்றில் அடுக்கடுக்காகத் தட்டுகள். தட்டுகளில் சாய் சிம், நாய் பாய் போன்ற கீரைகள். கோபுரம் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். மேலே போகும் தட்டுக்கு வெயில் கிடைக்கும். கீழே வரும் தட்டு நீரில் நனையும். கோபுரத்தைச் சுழற்றுவது தண்ணீரின் எடைதான். ஒரு கோபுரத்துக்கு 60 வாட் விளக்கு ஒன்று எரிவதற்கான மின்சாரமே போதும் என்று அந்நிறுவனம் சொன்னது. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோபுரங்கள் சூரிய வெளிச்சத்தில் நின்றன. அவருக்குப் பிறகு வந்த பலர் சூரியனை விட்டுவிட்டார்கள். மூடிய கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில், குளிரூட்டிய அறையில், மண்ணே இல்லாமல் கீரை வளர்த்தார்கள். இதில் நன்மை இல்லாமல் இல்லை. பூச்சி வராது, ஆகவே பூச்சிமருந்து வேண்டாம். தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மழையோ வறட்சியோ பாதிக்காது. வருடம் முழுவதும் அறுவடை செய்யலாம்.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் ஓர் இலக்கை அறிவித்தது. 2030ஆம் ஆண்டுக்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது என்பதே அந்த இலக்கு. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பு தொடங்கப்பட்டது. 2021இல் பண்ணைகள் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறுவதற்காக 60 மில்லியன் வெள்ளி நிதி ஒதுக்கப்பட்டது. கொவிட்-19 காலத்தில் பேரங்காடிகளில் காலியான அலமாரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இலக்கின் அவசியத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது. 2021இல் சிங்கப்பூரர் உண்ட காய்கறியில் ஏறக்குறைய 4 விழுக்காடு உள்நாட்டில் விளைந்தது. 2024இல் அது சுமார் 3 விழுக்காடு. கூட வேண்டியது குறைந்திருந்தது. மீன் உள்ளிட்ட கடலுணவும் அப்படியே. சில பண்ணைகள் மூடப்பட்டன. சில திட்டங்கள் கட்டடம் எழும்பும் முன்பே கைவிடப்பட்டன.

காரணம் என்ன? சூரியன் ரசீது அனுப்புவதில்லை. மின்சார நிறுவனம் அனுப்புகிறது. கீரை என்பது பெரும்பாலும் தண்ணீர். அதைக் கிலோக் கணக்கில் எவ்வளவு விற்றாலும் விலை குறைவுதான். கேமரன் மலையில் இலவசக் குளிரிலும் இலவச வெயிலிலும் விளைந்து, இரவோடு இரவாக லாரியில் வந்து சேரும் கீரையோடு, விளக்கு வெளிச்சத்தில் விளைந்த கீரை விலையில் போட்டி போட முடியவில்லை. 2022இல் மின்கட்டணம் ஏறியபோது நிலைமை இன்னும் மோசமானது. கடன் வட்டியும் ஏறியது.

இது சிங்கப்பூருக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடியான 'ஏரோஃபார்ம்ஸ்' 2023 ஜூனில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2021இல் 2.3 பில்லியன் அமெரிக்க டாலர் என்று மதிப்பிடப்பட்ட 'பவரி ஃபார்மிங்' நிறுவனம் 2024 நவம்பரில் கதவைச் சாத்தியது.

முட்டை சொல்லும் பாடம்

இதே காலத்தில் சத்தமில்லாமல் வளர்ந்த ஒன்று உண்டு. அது முட்டை. 2021இல் சிங்கப்பூரின் முட்டைத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டுப் பண்ணைகள் கொடுத்தன. 2024இல் அது ஏறக்குறைய 34 விழுக்காடு. இத்தனையும் செங் சூன், சியூஸ், என் அண்ட் என் என்ற மூன்று பண்ணைகளின் உழைப்பு. தீவனம் போடுவது முதல் முட்டையைக் கழுவித் தரம் பிரிப்பது வரை இயந்திரமயம்.

முட்டைக்கு முடிந்தது கீரைக்கு ஏன் முடியவில்லை? முட்டை எல்லா வீட்டிலும் தினமும் வேண்டும். சில நாள் வைத்திருந்து விற்கலாம். கோழிகளை அடுக்கடுக்காக வளர்ப்பதால் நிலம் மிச்சம். முக்கியமாக, இறக்குமதி முட்டைக்கும் உள்நாட்டு முட்டைக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அல்ல. புதுமை என்பது கண்ணைப் பறிக்கும் விளக்குகளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய தொழிலைச் சீராகச் செய்வதிலும் இருக்கலாம். ஆனாலும் அந்தக் கோழிகள் தின்னும் தீவனம் கப்பலில்தான் வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

2025 நவம்பர் 4ஆம் தேதி, நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சர் கிரேஸ் ஃபூ பழைய இலக்கு மாற்றப்படுவதாக அறிவித்தார். இனி 2035ஆம் ஆண்டுக்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு உள்நாட்டில் விளைய வேண்டும் என்பது புதிய இலக்கு. நார்ச்சத்து என்றால் காய்கறி, முளைப்பயறு, காளான் முதலியவை. புரதம் என்றால் முட்டையும் கடலுணவும். 2024இல் முதலாவது 8 விழுக்காட்டிலும் இரண்டாவது 26 விழுக்காட்டிலும் இருந்தன.

இதைத் தோல்வி என்று சிலர் சொன்னார்கள். யதார்த்தம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. முடியாத இலக்கைப் பிடித்துக்கொண்டு பொதுப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதைவிட, முடிந்ததைத் தேர்ந்தெடுத்துச் செய்வது நல்லது. ஆனால் அந்த இலக்கை நம்பித் தங்கள் சேமிப்பைப் போட்டு இழந்த பண்ணையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெற்ற அனுபவம் வீணாகிவிட்டால்தான் அது உண்மையான தோல்வி.

தொட்டியில் வளர்ந்த இறைச்சி

இப்போது இன்னொரு கனவுக்கு வருவோம். 2013 ஆகஸ்டில் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் லண்டனில் ஒரு பர்கரை உலகுக்குக் காட்டினார். மாட்டைக் கொல்லாமல், அதன் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துச் செய்த பர்கர் அது. அந்த ஒரு பர்கருக்கு ஆன செலவு சுமார் 250,000 யூரோ.

ஏழு ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில், இப்படிப்பட்ட இறைச்சியை விற்க அனுமதி கொடுத்த முதல் நாடு சிங்கப்பூர்தான். அமெரிக்காவின் 'ஈட் ஜஸ்ட்' நிறுவனம் தயாரித்த கோழியிறைச்சி அது. எப்படிச் செய்கிறார்கள்? கோழியின் உயிரணுக்களைச் சிறிதளவு எடுத்து, பெரிய எஃகுத் தொட்டியில் விடுகிறார்கள். அமினோ அமிலம், சர்க்கரை, உப்பு, வைட்டமின் எல்லாம் கலந்த சத்து நீரில் அவை பெருகுகின்றன. கோழிக் கூண்டு இல்லை, வெட்டுக்கத்தி இல்லை.

'அப்படியானால் இது சைவமா, அசைவமா?' என்று கேட்கும் நேயர்கள் இருப்பார்கள். மூல உயிரணு கோழியிடமிருந்துதான் வருகிறது. ஆகவே உணவு வகையில் அது இறைச்சியே. உயிர்க்கொலை இல்லாத இறைச்சியை உண்பதா வேண்டாமா என்பது அவரவர் மனம் முடிவு செய்ய வேண்டியது. முஸ்லிம்களைப் பொறுத்தவரை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அதை உண்ணலாம் என்று சிங்கப்பூரின் ஃபத்வா குழு 2024 பிப்ரவரியில் கருத்துத் தெரிவித்தது.

விலைதான் இங்கேயும் முட்டுக்கட்டை. சத்து நீர் விலை உயர்ந்தது. தொட்டிக்குள் ஒரே ஒரு கிருமி புகுந்தாலும் அத்தனையும் வீண். மருந்து தயாரிக்கும் சுத்தத்தில் கோழிக்கறி தயாரித்தால், அது கோழிக்கறி விலைக்கு எப்படிக் கிடைக்கும்? 2024இல் சிங்கப்பூர் இறைச்சிக் கடை ஒன்றில் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட பொட்டலத்தில் வளர்ப்பு இறைச்சியின் அளவு 3 விழுக்காடுதான். மற்றது தாவரப் புரதம்.

'ஷியோக் மீட்ஸ்' என்ற பெயர் பலருக்கு நினைவிருக்கலாம். சந்தியா ஸ்ரீராம், லிங் கா யி என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 2018இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனம் அது. இறால், நண்டு போன்றவற்றின் இறைச்சியை உயிரணுக்களிலிருந்து வளர்ப்பது அவர்கள் நோக்கம். கோழியையும் மாட்டையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் இறாலைப் பார்த்தார்கள். இறால் வளர்ப்புக்காகத் தென்கிழக்காசியாவில் அழிந்த சதுப்புநிலக் காடுகளை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணத்தின் அருமை புரியும். 2024இல் அந்நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தது. நல்ல எண்ணம், நல்ல விஞ்ஞானம், நல்ல பெயர் எல்லாம் இருந்தும் சந்தை விலையைத் தொடுவதற்குள் முதலீட்டாளர்களின் பொறுமை தீர்ந்துவிடுகிறது என்பதே இத்துறையின் நிலை.

இதற்கிடையில் இத்தாலி 2023இலும், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2024இலும் வளர்ப்பு இறைச்சிக்குத் தடை போட்டன. மாடு வளர்ப்பவர்களின் பிழைப்பு என்னாவது என்ற அச்சமும் அதன் பின்னால் இருந்தது. அந்த அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஈ செய்யும் தொழில்

மூன்றாவது கனவு கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும். அது ஈ. வீட்டு ஈ அல்ல. கறுப்புச் சிப்பாய் ஈ என்று ஒரு வகை. வளர்ந்த ஈ கடிக்காது. சோற்றுத் தட்டைத் தேடி வராது. அதன் புழுதான் பெரும் தீனிக்காரன். மிச்ச உணவு, பழத்தோல், சோயாப் பால் பிழிந்த சக்கை என்று எதைப் போட்டாலும் இரண்டு வாரத்தில் தின்று கொழுக்கும். அந்தப் புழுவைக் காய வைத்தால் கோழிக்கும் மீனுக்கும் புரதத் தீவனம். புழு விட்டுவைத்த கழிவு செடிக்கு உரம்.

சிங்கப்பூரில் 2017இல் சுவா காய் நிங், புவா ஜுன் வெய் என்ற இரண்டு இளையர்கள் 'இன்செக்டா' என்ற பூச்சிப் பண்ணையைத் தொடங்கினார்கள். சோயாச் சக்கையையும் மதுபான ஆலையில் மிஞ்சும் தானியத்தையும் புழுவுக்குக் கொடுத்தார்கள். தீவனத்தோடு நிற்காமல், புழுக் கூட்டிலிருந்து மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் பயன்படும் கைட்டோசான் போன்ற பொருள்களை எடுப்பதில் இறங்கினார்கள். விலை மலிந்த தீவனத்தை விற்றுப் பிழைப்பது கடினம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் 'நியூட்ரிஷன் டெக்னாலஜிஸ்' நிறுவனம் இதே ஈயைத் தொழிற்சாலை அளவில் வளர்க்கிறது.

இதற்கு மாறாக பிரான்சில் நடந்ததைப் பாருங்கள். 'இன்செக்ட்' என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான மில்லியன் முதலீட்டைத் திரட்டி, அமியேன் நகருக்கு அருகே பிரம்மாண்டமான புழுத் தொழிற்சாலை கட்டியது. அது வளர்த்தது வேறு வகைப் புழு. கோதுமைத் தவிடு தின்னும் புழு. தவிடு ஏற்கெனவே மாட்டுக்குத் தீவனமாக விலைபோகும் பொருள். குளிர் நாட்டில் புழுவுக்கு வெப்பமும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2025 டிசம்பரில் அந்நிறுவனத்தைக் கலைத்துவிட நீதிமன்றம் உத்தரவிட்டது.

வெப்பமான நம் வட்டாரத்தில் அந்த வெப்பம் இலவசம். யாருக்கும் வேண்டாத கழிவு ஏராளம். ஆகவே ஈ வளர்ப்புக்கு இங்கே ஓரளவு நியாயமான வாய்ப்பு இருக்கிறது. என்றாலும் சோயாவும் மீன்தூளும் மலிவாக இருக்கும்வரை அதன் பாதை கரடுமுரடானதுதான்.

தட்டில் மிஞ்சியது

கடைசியாக, விளக்கும் தொட்டியும் புழுவும் வேண்டாத ஒரு வழி. ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 1.05 பில்லியன் டன். கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த உணவில் ஐந்தில் ஒரு பங்கு அது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. சிங்கப்பூரில் மட்டும் 2023இல் 755,000 டன் உணவுக் கழிவு. அதில் மறுபயன்பாட்டுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றது எரிக்கப்பட்டது. சாம்பல் செமாகாவ் தீவுக்குப் போனது. 2035 வாக்கில் அந்தத் தீவும் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

இங்கேயும் தொழில்முனைவர்கள் வந்தார்கள். 2015இல் கோப்பன்ஹேகனில் தொடங்கிய 'டூ குட் டு கோ' என்ற கைத்தொலைபேசிச் செயலி, கடை சாத்தும் நேரத்தில் மிஞ்சும் ரொட்டியையும் சமைத்த உணவையும் குறைந்த விலைக்கு வாங்க வழி செய்தது. சிங்கப்பூரில் 2017இல் உருவான 'டிரெஷர்' ஹோட்டல் பஃபே முடியும் நேரத்தில் மிஞ்சும் உணவைப் பெட்டியில் வாங்கிப்போக ஏற்பாடு செய்தது. 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்து நல்லெண்ணத்தோடு உணவை நன்கொடை கொடுப்பவர், பிறகு ஏதேனும் பிரச்சினை வந்தால் வழக்குக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அதற்கு முன்பு, 'கொடுத்துவிட்டு வம்பில் மாட்டுவானேன்' என்று நல்ல உணவைக் குப்பையில் கொட்டிய கடைகள் உண்டு.

இந்த வழியில் பெரிய கட்டடம் இல்லை. பில்லியன் மதிப்பீடு இல்லை. ஆனால் ஏற்கெனவே விளைந்துவிட்ட, ஏற்கெனவே தண்ணீரும் உரமும் எரிபொருளும் செலவழிந்துவிட்ட உணவு வயிற்றுக்குப் போகிறது. காப்பாற்றப்படும் ஒரு தட்டுச் சோறு, புதிதாக விளைவிக்க வேண்டியிராத ஒரு தட்டுச் சோறு.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நேயர்களே, இனிமேலும் புதுப்புதுக் கண்டுபிடிப்புகள் வரும். செய்தித்தாளில் படம் வரும். தொலைக்காட்சியில் பேட்டி வரும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது: சூரியனிடமிருந்தா, மின்கட்டணத்திலிருந்தா? இது எதைத் தின்று வளர்கிறது: வேண்டாத கழிவையா, வேறு யாருக்கோ உணவாகக் கூடியதையா? விலை வித்தியாசத்தை யார் கட்டுகிறார்: வாங்குபவரா, அரசாங்கமா, பொறுமை இழக்கப்போகும் முதலீட்டாளரா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் உள்ள முயற்சி நிலைக்கும். ஸ்கை கிரீன்ஸ் கோபுரத்தில் இருந்த சிக்கனம், முட்டைப் பண்ணையின் நிதானம், ஈப் பண்ணையின் கழிவுக் கணக்கு எல்லாம் இதைத்தான் சொல்கின்றன.

நான்காவது ஒரு கேள்வியும் உண்டு. அது தொழில்முனைவருக்கு அல்ல, வாங்குபவருக்கு. உள்ளூர்க் கீரைக் கட்டு சில காசு கூடுதல் என்றால், அந்தக் காசை எதற்காகக் கொடுக்கிறோம்? காப்புறுதிக்கு மாதாமாதம் பணம் கட்டும்போது, விபத்து நடக்கவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. உள்நாட்டுப் பண்ணையும் அப்படிப்பட்ட காப்புறுதிதான். எல்லை மூடும் நாளில், கப்பல் தாமதமாகும் நாளில் அதன் அருமை தெரியும். ஆனால் அன்றைக்குப் பண்ணை இருக்க வேண்டுமானால், எல்லாம் நன்றாக நடக்கும் நாளிலும் அதனிடம் வாங்குபவர் இருக்க வேண்டும். வசதி இல்லாத குடும்பத்தை அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை. முடிந்தவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது, பேரங்காடியில் பொட்டலத்தைத் திருப்பி, எங்கே விளைந்தது என்று பார்த்து வாங்கலாம்.

மற்றொன்று எல்லாராலும் முடியும். திருமணத்திலும் பிறந்தநாளிலும் தலைக்கணக்குக்கு மேல் இருநூறு பேருக்குக் கூடுதலாகச் சமைத்து, இலையில் பாதியை மூடிவிட்டு எழுவது பெருமை என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். விருந்தோம்பலுக்கும் வீணாக்குவதற்கும் சம்பந்தமில்லை. உணவு ஏற்பாட்டாளரிடம் எண்ணிக்கை சொல்லும்போதே, மிஞ்சியது எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டியதில்லை, முதலீடும் வேண்டியதில்லை.

உழவுக்கென்று தனி அதிகாரமே எழுதிய வள்ளுவரின் மொழியைப் பேசுகிறவர்கள் நாம். உழுவதற்கு நிலம் இல்லாத நாட்டில் வாழ்ந்தாலும், உழுதவரின் உழைப்பைக் குப்பையில் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.